பக்கத்துத் தெருவின் மீது வரும் கோபம்

2021 ஜூலை இரண்டாவது வாரம். தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனதும் மூண்ட கலவரம், டர்பன் நகரத்தில் கொள்ளையாகப் பரவியது. கிடங்குகள் எரிந்தன. கடைகள் காலியாயின. போலீஸைக் காணவில்லை. நகரின் வடக்கே இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில், மக்கள் தெருமுனைகளில் தடுப்புகள் போட்டு இரவும் பகலும் காவல் இருந்தார்கள். பல இடங்களில் அது வெறும் காவல்தான். சில இடங்களில் வேட்டையாகிவிட்டது. தோல் நிறத்தைப் பார்த்து வழிப்போக்கர்களை நிறுத்தினார்கள், சோதித்தார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். பீனிக்ஸ் வட்டாரத்தில் மட்டும் 36 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் கறுப்பின ஆப்பிரிக்கர்கள்.

இந்தச் செய்தியில் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பீனிக்ஸ் தெருக்களில் வீட்டு வாசல் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலியார், படையாச்சி என்று நமக்குத் தெரிந்த பெயர்களே ஆங்கில எழுத்துக்கூட்டலில் சற்றுக் கோணிக்கொண்டு எதிர்ப்படும். கலவரம் அடங்கியதும் ஒரு தரப்பு அதைப் படுகொலை என்றது, மறுதரப்பு தற்காப்பு என்றது. சமூக ஊடகங்களில் பழைய வசவுகள் எல்லாம் புதுப்பிக்கப்பட்டன. 'திரும்பிப் போங்கள் இந்தியாவுக்கு' என்ற குரல், ஐந்தாறு தலைமுறையாக இந்தியாவைக் கண்ணால் பார்க்காத குடும்பங்களை நோக்கி எழுந்தது.

இரண்டு தரப்புமே வெள்ளை நிறவெறி ஆட்சியில் மிதிபட்டவர்கள். வாக்குரிமை இல்லாமல், விரும்பிய இடத்தில் குடியிருக்க முடியாமல், ஒரே பூங்கா இருக்கையில் உட்கார அனுமதி இல்லாமல் வாழ்ந்தவர்கள். அப்படியிருக்க, இருவருடைய கோபமும் ஏன் ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறது? அநீதியை இழைத்தவர்களின் புறநகர்கள் ஏன் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கின்றன? குணக்கோளாறு என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். டர்பனின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இந்தக் கோபம் போகவேண்டிய திசையைச் சட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, வெகு காலத்துக்கு முன்பே தீர்மானித்திருக்கிறார்கள்.

கதை ஒரு கப்பலில் ஆரம்பிக்கிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ', நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் அப்போது பிரிட்டிஷ் காலனி. கரும்பு நன்றாக விளைந்தது, வெட்டத்தான் ஆள் இல்லை. உண்மையில் ஆள் இருந்தார்கள். சூலு மக்கள் அந்த மண்ணிலேயே இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் நிலமும் மாடும் இருந்தன. தோட்ட முதலாளி சொல்லும் கூலிக்கு, அவர் சொல்லும் காலம்வரை அடிமைபோல் உழைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் பேரம் பேசினார்கள், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பேரத்தை முறிக்கத்தான் கடல் கடந்து கூலிகள் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். 1911 வரை வந்தவர்களின் எண்ணிக்கை 1,52,184. மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே போன தமிழரும் தெலுங்கரும்.

இந்தத் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கரின் கூலியைக் குறைக்கும் கருவியாகவே அந்த இந்தியர் அங்கே இறக்கப்பட்டார். அவருக்கு அது தெரியாது. பஞ்சத்தாலும் கடனாலும் சாதியாலும் துரத்தப்பட்டு, ஆள்பிடிக்கும் தரகர் சொன்னதை நம்பிக் கப்பல் ஏறியவருக்கு, தான் யாருடைய வயிற்றில் அடிக்க அனுப்பப்படுகிறோம் என்று எப்படித் தெரியும்?

ஒப்பந்தம் முடிந்தபின் இந்தியர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே காய்கறி பயிரிட்டு, மீன் பிடித்து, சிறு வியாபாரம் செய்து தங்கிவிட்டது வெள்ளையரை எரிச்சலூட்டியது. 1895இல் சட்டம் வந்தது. மறு ஒப்பந்தமும் போடாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்குகிறவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். தொடக்கக் கூலிக் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். அடுத்த ஆண்டே நாடாளுமன்ற வாக்குரிமையும் பறிபோனது. அதற்கடுத்த ஆண்டு வந்த உரிமச் சட்டம், இந்தியர் கடை வைக்கலாமா என்பதை வெள்ளை அதிகாரியின் மனநிலைக்கு விட்டுவிட்டது.

இங்கே 1913ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழர்களுக்கு 1913 என்றால் தில்லையாடி வள்ளியம்மை. மூன்று பவுன் வரிக்கு எதிரான வேலைநிறுத்தம், நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் வெளியேறிய ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள், சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்துபோன பெண். நமது பாடப்புத்தகங்களில் உள்ள தென்னாப்பிரிக்கா இதுதான்.

அதே 1913, ஆப்பிரிக்கர்களுக்கு நிலச் சட்டத்தின் ஆண்டு. ஜூன் 19 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்கக்கூடிய பரப்பை நாட்டின் 7 சதவீதமாகச் சுருக்கியது. 1936இல் அது சுமார் 13 சதவீதமானது. வெள்ளையரின் பண்ணைகளில் விளைச்சலைப் பங்கு போட்டுப் பயிர் செய்துகொண்டிருந்த குடும்பங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு சாலைக்கு வந்தன. எதிர்த்து முறையிட சால் ப்லாட்ஜே, ஜான் டூபே முதலானோர் 1914இல் லண்டனுக்குப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே 1914இல் இந்தியர்களின் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

ஆக, ஒரே ஆண்டுக்கு இரண்டு நினைவுகள். ஒரு சமூகத்துக்கு அது போராடி வென்ற ஆண்டு, இன்னொன்றுக்கு எல்லாம் இழந்த ஆண்டு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபேயின் ஓலாங்கே கல்விக்கூடமும், காந்தி 1904இல் நிறுவிய பீனிக்ஸ் ஆசிரமமும் டர்பனுக்கு வடக்கே உள்ள இனாண்டாவில் அருகருகேதான் இருந்தன. ஆனாலும் இரண்டு போராட்டங்களும் தனித்தனியே நடந்தன. காந்தி தம் தென்னாப்பிரிக்க எழுத்துகளின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கர்களைத் தாழ்வாகக் குறிப்பிட்டதும், இந்தியரை அவர்களோடு சேர்த்து எண்ணியதற்கு வருந்தியதும் பதிவில் உள்ளவை. 1906இல் சூலு மக்களின் பம்பாத்தா கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது அவர் அரசுத் தரப்பில் தூக்குப்படுக்கைப் படை அமைத்தார். பின்னாளில் அவர் பார்வை மாறியது உண்மை. என்றாலும் 2018இல் கானா பல்கலைக்கழகம் அவர் சிலையை அகற்றியபோது நம்மூரில் எழுந்த வியப்பு, நாம் அந்த வரலாற்றில் பாதியைத்தான் படித்திருக்கிறோம் என்பதைக் காட்டியது.

டர்பன் நகராட்சி ஆப்பிரிக்கர்களை நடத்திய விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அது பீர். சோளத்தில் பெண்கள் வீட்டிலேயே காய்ச்சும் பீர் அவர்களின் அன்றாட உணவின் ஒரு பகுதி. 1908இல் வந்த சட்டத்தைப் பயன்படுத்தி நகராட்சி அதைக் காய்ச்சி விற்கும் முழு உரிமையையும் தனதாக்கிக்கொண்டது. பெண்கள் காய்ச்சினால் குற்றம். நகராட்சிக் கூடத்தில் போய்க் குடித்தால் சட்டப்படி சரி. அந்த வருமானத்தைக் கொண்டே ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கான கொட்டடி விடுதிகளும் அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகமும் நடந்தன. தங்களைக் கண்காணிக்கும் செலவைத் தாங்களே குடித்து அடைத்தார்கள் எனலாம். மற்ற நகரங்கள் வந்து பார்த்துக் காப்பியடிக்கும் அளவுக்கு இது பெயர்பெற்றது. 'டர்பன் முறை' என்றே அழைக்கப்பட்டது.

இப்படி மெல்ல மெல்ல ஓர் ஏணி உருவானது. உச்சிப்படியில் வெள்ளையர். நடுவில், நிலம் வாங்கவும் கடை வைக்கவும் தடைகளுக்கு இடையே கொஞ்சம் இடம் கிடைத்த இந்தியர். கீழே, நகரத்துக்குள் நிலமும் வாங்க முடியாத, கடையும் வைக்க முடியாத ஆப்பிரிக்கர். ஏணியின் முழு அமைப்பையும் அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. தலைக்கு மேல் இருக்கும் அடுத்தவரின் கால்தான் தினமும் கண்ணில் படும். படிநிலையாக அமைந்த சமத்துவமின்மை ஏன் உடையாமல் நீடிக்கிறது என்று சாதியைப் பற்றி அம்பேத்கர் சொன்ன விளக்கம் இங்கே அப்படியே பொருந்துகிறது: ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பதால், மொத்த அமைப்பையும் எதிர்க்க எல்லாரும் ஒன்றுசேர்வதில்லை.

நகரின் மேற்கே கேட்டோ மேனர் என்ற குன்றுப் பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இந்தியர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள். வாழை, பச்சை மிளகாய், கீரை. 1930, 40களில் வேலை தேடி நகரத்துக்கு வந்த ஆப்பிரிக்கர்களுக்குத் தங்க இடமில்லை. இந்தியர்கள் தங்கள் நிலத்தில் குடிசை போட வாடகைக்கு இடம் விட்டார்கள். நகராட்சி பேருந்து விடவில்லை, இந்தியர்களின் பேருந்துகள் ஓடின. அரிசியும் எண்ணெயும் இந்தியர் கடையில். இப்போது அந்தக் குடிசைவாசியின் நாளை எண்ணிப் பாருங்கள். வாடகைக்கு வருகிறவர் இந்தியர். பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர் இந்தியர். கடனுக்குச் சாமான் தர மறுக்கிறவர் இந்தியர். அவருக்கு நிலம் மறுத்த நாடாளுமன்றம் கேப்டவுனில், அவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது. அந்த இந்தியர்களில் பலர் ஒண்டிக் குடித்தனக்காரர்கள், ஏழைகள் என்பதையும், சிலர் உண்மையிலேயே கசக்கிப் பிழிந்தவர்கள், ஆப்பிரிக்கரை இளக்காரமாக நடத்தியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1949 ஜனவரி 13, வியாழன் மாலை. விக்டோரியா தெருவில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார், சிறுவனின் தலை கண்ணாடியில் மோதி ரத்தம் வந்தது. இந்தியர் ஆப்பிரிக்கச் சிறுவனைக் கொன்றுவிட்டார் என்று வதந்தி ஓடியது. மறுநாள் கேட்டோ மேனர் பற்றி எரிந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 142 பேர் இறந்தார்கள்: 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர், ஒரு வெள்ளையர், அடையாளம் தெரியாத நால்வர். ஆப்பிரிக்கர்களில் பலர் இறந்தது போலீஸ், ராணுவத் துப்பாக்கிச் சூட்டில். வெள்ளையர் சிலர் ஓரத்தில் நின்று கும்பலை உற்சாகப்படுத்தியதை நேரில் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டோ மேனரில் பிறந்த எழுத்தாளர் ரானி கோவெண்டர் பின்னாளில் அந்த ஊரின் வாழ்வைச் சிறுகதைகளாகவும் அந்தக் கலவரத்தை '1949' என்ற நாடகமாகவும் எழுதினார். அண்டை வீட்டு ஆப்பிரிக்கர் ஒளித்துவைத்ததால் உயிர் பிழைத்த இந்தியக் குடும்பங்களின் கதைகளும் அந்த நகரத்தில் உண்டு. ஆனால் வீடு வீடாகக் கைமாறியது என்னவோ பயம்தான்.

அரசியல் தலைமை இதை வேறு விதமாகக் கையாண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1947 மார்ச்சில், ஆப்பிரிக்க காங்கிரஸின் சூமா (பிற்கால அதிபர் அல்ல, இவர் டாக்டர்), அங்குள்ள இந்திய காங்கிரஸ்களின் மான்டி நாயக்கர், யூசுப் தாது ஆகிய மூன்று மருத்துவர்களும் கூட்டாகப் போராட ஒப்பந்தம் செய்திருந்தார்கள். கலவரத்துக்குப் பின் அந்த உறவு முறியவில்லை, இறுகியது. 1952இன் சட்டமறுப்பு இயக்கத்தில் இரு காங்கிரஸ்களும் சேர்ந்தே சிறை நிரப்பின. மேலே இப்படி ஒற்றுமை, கீழே தெருவில் அச்சம். இந்த இரண்டும் அந்த நகரத்தில் இன்றுவரை கூடவே நடந்து வருகின்றன.

நிறவெறி அரசுக்கு 1949 கலவரம் அல்வா சாப்பிட்டதுபோல் ஆயிற்று. பார்த்தீர்களா, இனங்கள் சேர்ந்து வாழ முடியாது என்று சொல்லி, 1950இல் குழுப் பகுதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்று அரசு கோடு போடும். அந்தக் கோடு போடுவதில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது டர்பன் நகராட்சி. ஆறுகள், பள்ளத்தாக்குகள், குன்றுகள், ரயில் பாதைகள் எல்லாம் இன எல்லைகளாயின. கேட்டோ மேனர் 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஆப்பிரிக்கர்கள் குவாமாஷு, உம்லாசி ஆகிய தொலைதூரக் குடியிருப்புகளுக்கு விரட்டப்பட்டார்கள். பல்லாயிரம் இந்தியர்கள் நிலத்தையும் தோட்டத்தையும் அற்ப விலைக்கு விட்டுவிட்டு, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு 1970களில் பீனிக்ஸுக்கும் போனார்கள். காலியான கேட்டோ மேனரில் வெள்ளையர் குடியேறவில்லை. இருபது முப்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் புதர் மண்டிக் கிடந்தது. அங்கே மிஞ்சியவற்றில் ஒன்று உம்பிலோ அம்பலவாணர் ஆலயம். சுற்றிலும் இருந்த பக்தர்களை அரசு அப்புறப்படுத்தியும், தீமிதித் திருவிழாவுக்கு அவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

சாட்ஸ்வொர்த் எங்கே அமைந்தது என்பதில்தான் சூட்சுமம். ஒரு பக்கம் ஆப்பிரிக்கரின் உம்லாசி, மறுபக்கம் வெள்ளையரின் புறநகர்கள், நடுவில் இந்தியர். பீனிக்ஸும் அப்படியே: சுற்றிலும் இனாண்டா, குவாமாஷு. கோபம் கொண்டு யாராவது கிளம்பினால் முதலில் எந்த வீட்டுக் கதவு எதிர்ப்படும் என்பதை நகர வரைபடமே முடிவு செய்துவிட்டது. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் அதுதான் நடந்தது. கலவரத்தில் இந்தியக் குடும்பங்கள் ஓடின, காந்தியின் ஆசிரமக் கட்டடங்கள் எரிந்தன. அந்த இடம் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட 2000 ஆயிற்று.

இதற்கிடையே சலுகைகளும் படிவாரியாகவே வந்தன. இந்தியர்களை நாட்டின் நிரந்தரக் குடிகள் என்றே அரசு 1961இல்தான் ஏற்றது; அதுவரை ஊருக்கு அனுப்பிவிடுவதே அறிவித்த கொள்கை. அதன் பிறகு டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில், இந்தியருக்கென்று ஒரு கல்லூரி. அதற்கு முன்பே சமூகம் தன் காசில் பள்ளிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கோ 1953இன் பாண்டு கல்விச் சட்டம் கூலி வேலைக்கான அளவு படிப்பையே வகுத்துக் கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு அரசு செலவிட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஓர் ஆப்பிரிக்கக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. 1983 அரசியல் சாசனம் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் பெயரளவில் தனித்தனி அவைகளைத் தந்து, ஆப்பிரிக்கரை முற்றாக வெளியே நிறுத்தியது. இந்தியர்களில் பெரும்பாலோர் அந்த அவைக்கான தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஸ்டீவ் பிகோ டர்பனில் மருத்துவ மாணவராக இருந்தபோது உருவாக்கிய கறுப்புணர்வு இயக்கத்தில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய இளைஞர்கள் தங்களைக் கறுப்பர் என்றே அழைத்துக்கொண்டு சிறை சென்றார்கள். இருந்தும், தெருவில் பேசப்பட்டதெல்லாம் அந்த அவையில் போய் உட்கார்ந்த சில இந்தியர்களைப் பற்றித்தான்.

1994 வந்தது. ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தம் முதல் வாக்கைச் செலுத்தத் தேர்ந்தெடுத்த இடம், டூபேயின் ஓலாங்கே பள்ளி. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் இந்தியர்களில் பெரும்பான்மையோர் அதே தேர்தலில் யாருக்கு வாக்களித்தார்கள் தெரியுமா? தங்கள் வீடுகளைப் பறித்த தேசியக் கட்சிக்கு. இதைக் கேட்கும் ஆப்பிரிக்கருக்கு வரும் கசப்பு புரிந்துகொள்ளக் கூடியது. 1949இன் பயத்தை அந்தக் கட்சி வீடு வீடாகப் போய்த் தட்டி எழுப்பியது என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே.

புதிய அரசியல் சாசனம், பழைய அநீதியால் பின்தள்ளப்பட்டவர்களை முன்னேற்றும் நடவடிக்கைகளைச் சமத்துவத்தின் பகுதியாகவே வரையறுத்தது. 1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லாரும் அடக்கம். இடஒதுக்கீட்டை அரைகுறையாகவேனும் அறிந்த தமிழ் வாசகருக்கு அடுத்து வரும் சிக்கல் பழக்கமானதே: தொகுப்புக்குள் யாருக்கு எவ்வளவு? மக்கள்தொகையில் இந்தியர் 3 சதவீதத்துக்கும் குறைவு. நாடு தழுவிய விகிதம் என்று எடுத்தால் அவர்களுக்கான இடம் சொற்பம். டர்பன் போன்ற நகரத்தின் விகிதம் என்றால் கணக்கே வேறு. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம், சிறைத்துறை தேசிய விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளூர் விகிதத்தைப் பொருட்படுத்தாதது சட்டவிரோதம் என்றது; வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் கேப் பகுதியின் கலப்பின ஊழியர்கள். அதற்கும் எட்டு ஆண்டு முன்பு, 2008இல், தென்னாப்பிரிக்கச் சீனர்கள் நீதிமன்றம் போய்த் தங்களையும் 'கறுப்பினத்தவர்' என்று அறிவிக்கச் செய்தார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் நிறவெறிச் சட்டங்கள் அவர்களையும் ஒதுக்கியிருந்தன, ஈடு மட்டும் கிடைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

'அன்று போதிய அளவு வெள்ளையாக இல்லை, இன்று போதிய அளவு கறுப்பாக இல்லை' என்று டர்பன் இந்தியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத வீட்டில் அது புலம்பல் அல்ல, வலி. 1990களின் நடுவில் இறக்குமதித் தீர்வை குறைக்கப்பட்டு டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் மூடியபோது வேலையிழந்த சாட்ஸ்வொர்த் பெண்களின் கதை இன்னும் கடுமையானது.

ஆனால் அந்த வலியை எண்களின் அருகிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2014-15இன் அரசுக் கணக்கெடுப்பில் ஆப்பிரிக்கக் குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 93,000 ராண்ட். இந்தியக் குடும்பத்துக்கு சுமார் 2.72 லட்சம். வெள்ளைக் குடும்பத்துக்கு 4.44 லட்சம். 2017இன் நிலத் தணிக்கை, தனிநபர் பெயரில் உள்ள பண்ணை நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையரிடம், 5 சதவீதம் இந்தியரிடம், 4 சதவீதம் ஆப்பிரிக்கரிடம் இருப்பதாகச் சொன்னது. மக்கள்தொகையில் வெள்ளையர் 7 சதவீதம், ஆப்பிரிக்கர் 81. சட்டம் ஒழிந்து கால் நூற்றாண்டு ஆன பின்னும் ஏணி அதே வரிசையில் நிற்கிறது. சராசரி என்பது பீனிக்ஸின் வேலையற்ற இந்தியரையும் உம்லங்கா கடற்கரை மாளிகையின் இந்தியரையும் ஒரே பெட்டியில் போடுகிறது என்பது உண்மை. ஆயினும் குடிசையிலிருந்து பார்க்கும் ஆப்பிரிக்கருக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டிய கட்டாயம் என்ன? 2002இல் நாடகாசிரியரும் இசைக்கலைஞருமான எம்போங்கேனி ங்கேமா இந்தியரைச் சாடி ஒரு சூலு பாடல் வெளியிட்டார். அதை வெறுப்புப் பேச்சு என்று ஒளிபரப்புப் புகார் ஆணையம் தீர்ப்பளித்தது, மண்டேலாவே தலையிட்டார். பாடல் வானொலியிலிருந்து போனது. அது பிறந்த மனக்குறை போகவில்லை.

மனக்குறை உச்சிப்படியிலும் உண்டு. அங்கேதான் அதற்குச் செல்வாக்கும் அதிகம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப், தென்னாப்பிரிக்க வெள்ளையரான ஆப்பிரிக்கானர்கள் இனப் பாகுபாட்டால் பாதிக்கப்படுகிறார்கள் என்று கூறி உதவிகளை நிறுத்தினார். மே மாதம் 59 பேர் அகதிகளாகத் தனி விமானத்தில் அமெரிக்கா போய் இறங்கினார்கள். மற்ற நாட்டு அகதிகளுக்கான கதவு ஏறக்குறைய மூடப்பட்டிருந்த காலம் அது. இழந்த உரிமைக்கும் இழந்த மேலுரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் காட்சி அண்மையில் வேறில்லை.

டர்பனில் ஏணியை மறந்த தருணங்களும் இருந்திருக்கின்றன. 1999 தேர்தலையொட்டி, இந்தியர்கள் பழைய எஜமானர் கட்சிகளுக்கு வாக்களிக்கக் கூடாது என்று பிரசாரம் செய்ய, சமூகவியலாளர் பாத்திமா மீர் சாட்ஸ்வொர்த்துக்குப் போனார். அங்கே கண்ட வறுமையில் பிரசாரத்தை விட்டுவிட்டார். வாடகை பாக்கிக்காகக் குடும்பங்களை நகராட்சி வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்த அடுக்குமாடிகளில் அதற்குள் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் குடிவந்திருந்தன. வெளியேற்ற வந்த போலீஸை இந்தியரும் ஆப்பிரிக்கரும் வாசலில் சேர்ந்து நின்று தடுத்தார்கள். தங்களை இந்தியர் என்று சொல்லிக்கொள்ளாமல் ஏழைகள் என்று சொல்லிக்கொண்டார்கள். அஷ்வின் தேசாய் அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே அதிலிருந்து வந்தது. டர்பனைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

2021 பீனிக்ஸில் அந்த நினைவு யாருக்கும் கைகொடுக்கவில்லை. தடுப்புகளில் இனம் பார்த்து ஆட்களை நிறுத்தியது நடந்தது என்று மனித உரிமை ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்தது. அரசும் காவல்துறையும் கைவிட்டதையும் அது சொல்லாமல் விடவில்லை. கொலை வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின. அரசியல்வாதிகள் சமாதானக் கூட்டங்கள் நடத்தினார்கள். இனாண்டாவிலிருந்து பீனிக்ஸுக்கு வேலைக்கும் கடைக்கும், அங்குள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும் வருகிறவர்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தார்கள். வேறு எங்கே போவது?

நிலத்தை இழந்தவர்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. 1913 ஜூன் 19க்குப் பின் பறிக்கப்பட்டவை எல்லாம் அதில் அடங்கும். கேட்டோ மேனரில் அது விசித்திரமான முடிச்சில் மாட்டிக்கொண்டது. பட்டா வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் நிலத்தைக் கேட்டன. அதற்குள் வீடற்ற ஆப்பிரிக்கர்கள் அந்தப் புதரை வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் அங்கிருந்து விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள்தான். பட்டா வாங்க அனுமதிக்கப்படாதவர்கள் என்பதால் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. நகர்ப்புறக் கோரிக்கைகள் பலவும் போலவே இங்கேயும் பலர் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

2013இல் கேட்டோ மேனரின் கேட்டோ கிரெஸ்ட்டில் நகராட்சி குடிசைகளை இடித்தது. நீதிமன்றத் தடை உத்தரவுக்குப் பின்னும் இடிப்பு நிற்கவில்லை. இம்முறை இடித்த நகராட்சியை நடத்தியது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். எதிர்த்து வழக்குப் போட்டது 'அபாஹ்லாலி பாசேம்ஜொண்டோலோ' என்ற குடிசைவாசிகள் இயக்கம். 2005இல், இந்தியர் வசிக்கும் கிளேர் எஸ்டேட்டின் கென்னடி சாலைக் குடிசைகளில், தங்களுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்ன நிலம் செங்கல் நிறுவனத்துக்குப் போனதை எதிர்த்துச் சாலை மறித்தபோது பிறந்த இயக்கம் அது. வேலை கிடைக்கும் நகரத்துக்குள்ளேயே குடியிருக்க இடம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. டர்பனோ ஏழைகளுக்கான புதிய வீடுகளைப் பெரும்பாலும் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அப்பால், 1950களில் போட்ட கோடுகளுக்கு வெளியே, பேருந்துக் கட்டணத்திலேயே கூலியில் பெரும்பங்கு கரையும் தூரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறது.